பெட்டிசத்தின் கையெழுத்து

1. மூன்று பேர் சொன்னது

மாகாண சபை உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் செய்து, கல்முனையில் எனது அலுவலகத்தைத் திறந்த முதல் நாளிலேயே மூன்று பேர் என்னைத் தனியாக அழைத்துக் கதைத்தார்கள். மூவரும் சொன்னது ஒரே விசயம். யாரை நம்பக் கூடாது என்பது.

முதலில் வந்தவர் நஜீம் ஹாஜியார். எங்கள் கட்சியின் தொகுதி அமைப்பாளர், அரிசி ஆலைக்காரர். என்னை அரசியலுக்கு இழுத்தவரும் அவர்தான். ஜன்னலோரமாக நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"டீச்சர், றிஸ்வானுக்கிட்ட எல்லாத்தையும் விட்டுப்போடாதீங்க. சொந்தக்காரன் எண்டா வேலைய விட வீட்டுக் கதைதான் கூட வரும்."

றிஸ்வான் என் கணவரின் தாத்தாவுடைய, அதாவது மூத்த சகோதரியுடைய, மகன். முப்பது வயது. தேர்தல் காலத்தில் எனக்காக ஊர் ஊராக அலைந்தவன். அவனைத்தான் நான் இணைப்பாளராக வைத்திருந்தேன். ஹாஜியார் வெளியே போனதும் அவன் கதவைச் சாத்தினான்.

"மாமி, ஹாஜியார் என்ன சென்னாரு? அவரக் கவனமா வெச்சிக்கங்க. அடுத்த முறை அவர்ர மகன எலக்சன் கேக்க வெக்கத்தான் ஒங்கள ஒரு தவணைக்குக் கொண்டு வந்திரிக்காரு."

மூன்றாமவர் எனக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ஒருவர். வாழ்த்துச் சொல்ல வந்தவர் எழும்பிப் போகும்போது சொன்னார்:

"கட்சிக்காரன் அடிச்சா முன்னால நிண்டு அடிப்பான் டீச்சர். ஒங்களோட படிப்பிச்ச ஆக்களப் பாத்துக்கங்க. இருவது வருசமா ஒரே மேசையில இரிந்த ஒருத்தி மேல போறத்த எந்த டீச்சரும் தாங்கமாட்டா."

இந்த மூன்றில் எது மெய்யாகப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. மூன்றாவது மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது. காரணம், அது ஏற்கனவே அங்கே கொஞ்சம் இருந்தது.

நான் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள். கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலை. கட்சிக்குப் பட்டியலில் ஒரு பெண் வேட்பாளர் தேவைப்பட்டபோது ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒங்கட பேரச் சென்னா எந்த வீட்டிலயும் கதவத் திறப்பாங்க" என்றார். மெய்தான். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரைக்கும் என்னிடம் பின்னக் கணக்குக்கு அடி வாங்கிய பெண்பிள்ளை இல்லாத தெரு குறைவு. ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். ஜெஸீமா மட்டும் வாழ்த்தவில்லை.

ஜெஸீமா தமிழ் டீச்சர். பதினெட்டு வருடம் அவளுடைய கதிரையும் என்னுடைய கதிரையும் பக்கத்தில் பக்கத்தில். அன்று அவள் சொன்னது: "பரீதா, நீ கோவக்காரி. ஆனா ஒளிச்சிக் கதைக்கத் தெரியாது. ஒனக்கு இது சரிவராது."

அக்கறையில் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். முன்னாள் உறுப்பினர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அதே வசனத்தை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன்.

2. வரிப்பத்தான்சேனையில் கொடுத்த வாக்கு

தேர்தல் காலத்தில் இறக்காமம் பக்கத்துக்கு நான்கு தரம் போனேன். வயல் ஊர்கள். வரிப்பத்தான்சேனையில் பெண்கள் கூட்டமொன்றில் ஒரு தாய் எழும்பிக் கேட்டார்: "யானை வந்தா வெடி போட்டு நாங்க கலைப்பம் டீச்சர். எங்கட புள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் வராததுக்கு என்னத்தப் போட்டு ஆரக் கலைக்கிற?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. கரையோரத்துப் பாடசாலைகளில் கணித ஆசிரியர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். உள்ளே ஒருவருமில்லை. ஒவ்வொரு வருடமும் இடமாற்றப் பட்டியல் வரும். பெயர் வந்த ஆசிரியர்கள் ஒரு அரசியல்வாதியைப் பிடிப்பார்கள். அவருடைய கடிதத் தாளில் நான்கு வரி போகும். இடமாற்றம் ரத்தாகும். எனக்கு இந்த வழி நன்றாகத் தெரியும், என்னோடு படிப்பித்தவர்களில் பலர் அப்படித்தான் கல்முனையை விட்டு அசையாமல் இருந்தார்கள்.

மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "நான் வென்றால், இடமாற்றத்தை ரத்துச் செய்யச் சொல்லி என் கையெழுத்தோடு ஒரு கடிதமும் போகாது. என் சொந்த மகளாக இருந்தாலும்."

எனக்கு மகள் இல்லை. கணவரின் தாத்தாவுக்கு இருந்தாள். றிஸ்வானின் தங்கை பஸ்னா, கணித ஆசிரியை. அடுத்த வருடப் பட்டியலில் அவளுடைய பெயருக்கு நேரே வரிப்பத்தான்சேனைப் பாடசாலை விழுந்தது. அவளுடைய தாய், என் மதினி, வீட்டுக்கு வந்து அழுதார். பஸ்னா புதிதாகக் கலியாணம் முடித்தவள். நான் முடியாது என்றேன். முகத்துக்கு நேரே சொன்னேன். மதினி தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அதோடு அந்த விசயம் முடிந்தது என்று நினைத்தேன். இதுதான் இந்தக் கதையில் என் முதலாவது பிழை. முடிந்ததா என்று நான் விசாரிக்கவேயில்லை.

3. பெட்டிசம்

அந்தக் காலத்தில் என் குணம் மாறிக்கொண்டிருந்ததை இப்போது எழுதும்போதுதான் தெளிவாகப் பார்க்கிறேன். தொலைபேசியில் கதைக்கும்போது அறைக் கதவைச் சாத்துவேன். இரண்டு பேர் தாழ்வாரத்தில் சிரித்தால், என்னைப் பற்றி என்று நினைப்பேன். பாடசாலை ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் என் படத்துக்கு யார் யார் ஒன்றும் எழுதவில்லை என்று பார்ப்பேன். ஜெஸீமா ஒரு தரமும் எழுதியதில்லை.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்து, மடித்த தாளொன்றை மேசையில் வைத்தார்.

"மொட்டைப் பெட்டிசம். முதலமைச்சருக்கு ஒண்டு, கட்சித் தலைமைக்கு ஒண்டு. கட்சிக்கு வந்தத நான் போட்டோக்கொப்பி அடிச்சி எடுத்துக் கொண்டு வந்த."

கையால் எழுதிய ஒரு பக்க முறைப்பாடு. கீழே பெயர் இல்லை, "பாதிக்கப்பட்ட பெற்றோர்" என்று மட்டும் இருந்தது. உறுப்பினர் பரீதா டீச்சர் மேடையில் ஒன்று சொல்லிவிட்டு, தன் கணவரின் மருமகளின் இடமாற்றத்தைத் தன் கடிதத்தாலேயே ரத்துச் செய்துவிட்டார் என்பது சாரம். வசனங்கள் பிழையில்லாமல் இருந்தன. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"பொய்" என்றேன். "நான் அப்பிடி ஒரு கடிதம் குடுக்கல்ல."

"பொய்யோ மெய்யோ, பஸ்னா ஒங்கட சொந்தம் எண்டு தெரிஞ்ச ஆள்தான் எழுதியிரிக்கி" என்றார் ஹாஜியார். "தூரத்து ஆள் இல்ல."

அவர் போன பிறகு தாளைத் திரும்ப விரித்தேன். இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு எழுத்து என்பது முகம் மாதிரி. பெயர் இல்லாத தாளைப் பார்த்து, இது இன்னாருடைய தாள் என்று வகுப்பில் நான் சொல்வேன். இந்த எழுத்து எனக்குத் தெரிந்த முகம். 'ழ'வின் வால் கீழே இறங்கி இடப்பக்கம் ஒரு சுழி சுழித்திருந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டு கோடு, இரண்டாவது கோடு முதலாவதில் பாதி. எங்கள் பாடசாலைக் கரும்பலகையில் பதினெட்டு வருடமாக நான் பார்த்த 'ழ' அது.

அலுமாரியைத் திறந்து, எனது பிரியாவிடைக்கு ஆசிரியைகள் தந்த வாழ்த்து மடலை எடுத்தேன். அதை எழுதியது ஜெஸீமா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வந்தது கோபம்தான் என்று அப்போது நினைத்தேன். சொல்லப்போனால் அதில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. பல நாளாக முகமில்லாமல் என் பின்னால் நின்ற ஆளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

றிஸ்வானைக் கூப்பிட்டு, பஸ்னாவின் இடமாற்றம் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டேன். "அது ஒபிஸ்ல கிடக்கு மாமி. இந்த வருசம் கனபேர்ர பிந்திப் போச்சி" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். கணக்கில் ஒரு பிள்ளை இப்படி ஒரு விடை சொன்னால், எப்படி வந்தது, படியைக் காட்டு என்று நிறுத்தி வைத்திருப்பேன். அவனிடம் படியைக் கேட்கவில்லை. யார் எழுதியது என்ற கேள்வி என் தலைக்குள் அவ்வளவு பெரிதாக இருந்தது.

4. ஜெஸீமா வந்தாள்

இரண்டு கிழமைக்குப் பிறகு, மேலதிக ஆசிரியர் பட்டியல் ஒன்று வந்தது. அதில் ஜெஸீமாவின் பெயரும் இருந்தது. அவளுக்கும் வரிப்பத்தான்சேனைதான். அவளுடைய முதல் நியமனமே அங்குதான், இளம் வயதில் கஷ்டப் பிரதேச சேவை முடித்துவிட்டுத்தான் கல்முனைக்கு வந்தாள். முறைப்படி பார்த்தால் இரண்டாவது தரம் அவளை அனுப்பக் கூடாது. அது எனக்குத் தெரியும்.

காலையில் பொதுமக்கள் சந்திக்கும் நேரத்தில் வந்தாள். மற்றவர்களோடு வாங்கில் அமர்ந்திருந்து, முறை வந்ததும் உள்ளே வந்தாள்.

"ரத்துச் செய்யக் கேக்கல்ல பரீதா. நீ கடிதம் குடுக்கமாட்டாய் எண்டு தெரியும். எனக்கு ஆறு மாசம் பிந்திப் போட ஏலுமா எண்டு மட்டும் கேட்டுப் பாரு. அவரால இன்னும் தனிய எழும்பி நடக்க ஏலா."

அவளுடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பயிற்சி செய்விப்பது எல்லாம் அவள்தான். நான் போய்ப் பார்த்திருக்க வேண்டியது. போகவில்லை.

"நான் ஆருக்கும் கதைக்கிறதில்ல" என்றேன். "நான் கதைச்சா, அதுக்கும் ஒரு பெட்டிசம் வரும்."

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன பெட்டிசம்?"

"ஒங்கட எழுத்து எனக்குத் தெரியாதா ஜெஸீமா?"

பதினெட்டு வருடத்தில் அவளை நான் 'ஒங்கட' என்று சொன்னது அதுதான் முதல் தரம். என்ன எழுத்து என்று கேட்பாள், மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அந்த மௌனத்தை நான் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

பெட்டிசம் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. அதை எடுத்து அவளுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் உசாராகிவிடுவாள் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அவள் சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று வரிப்பத்தான்சேனைக்குப் போய்வரத் தொடங்கினாள்.

5. பாடசாலை மண்டபம்

நான்கு மாதம் கழித்து அந்தப் பாடசாலையில் ஒரு வகுப்பறைக் கட்டடத் திறப்பு. நாடாவை வெட்டி, பேசி, கீழே இறங்கும்போது ஒரு பெண் நேரே என் முன்னால் வந்து நின்றார். கூட்டத்தில் யானை வெடிக் கதை சொன்ன அதே தாய். பெயர் ஸவாஹிறா.

"கட்டிடம் வந்திட்டு டீச்சர். கணக்கு டீச்சர் எங்க?"

"இன்னும் வரல்லயா?" என்றேன்.

அவர் சிரித்தார். மரியாதையான சிரிப்பு இல்லை. "நீங்கதானே வர வேணாம் எண்டு கடிதம் குடுத்த."

பாடசாலை அதிபர் குறுக்கே வந்து, "ஸவாஹிறா, பிறகு கதைப்பம்" என்றார்.

"பிறகு கதைக்க என்ன இரிக்கி சேர்? நான் பெட்டிசத்திலயே எழுதிப் போட்டனே."

"நீங்களா எழுதின?" என்று கேட்டேன்.

"ஓம், நான்தான் எழுதின. பேர் போடாதது பிழைதான். என்ட மகனுக்கு இந்த வருசம் ஓ.எல் சோதனை, பேரப் போட்டா அவனுக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்திட்டன். ஆனா பொய் எழுதல்ல. டீச்சர் எப்ப வருவாங்க எண்டு கேக்க வலய ஒபிஸுக்குப் போன. அங்க ஒருத்தர் பைலத் திறந்து ஒங்கட கடிதத்தக் காட்டின. அந்த டீச்சர் ஒங்கட மாப்புளர மருமகள் எண்டும் அவர்தான் செல்லின. ஒங்கட பேர், ஒங்கட சீல், ஒங்கட கையெழுத்து."

அதிபரின் அறைக்குப் போனோம். பெட்டிசத்தின் பிரதியை ஸவாஹிறா வீட்டிலிருந்து எடுத்து வந்தார். அதே தாள். அதே 'ழ'.

"இந்த எழுத்து எங்க பழகின?" என்று கேட்டேன்.

"எழுத்தா?" அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஜெஸீமா டீச்சர்தான் பழக்கின. நான் ஆறாம் வகுப்பில இரிக்கக்க அவங்க முதல் முதலா இஞ்ச வந்த. கரும்பலகையில எழுதிப்போட்டு, அதே மாதிரி வரும் வரைக்கும் விடமாட்டாங்க. இந்த ஊரில என்ட வயசுப் பொம்புளைகள் எல்லாரும் இப்பிடித்தான் எழுதுவாங்க."

ஜன்னலுக்கு வெளியே, எதிர் வகுப்பில், ஜெஸீமா படிப்பித்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு அவள் வரவில்லை. வகுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லியிருந்தாளாம்.

6. எனது கடிதத் தாள்

திரும்பும் வழியில் வாகனத்தை வலயக் கல்வி அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். பஸ்னாவின் இடமாற்றக் கோப்பில் கடிதம் இருந்தது. போலிக் கையெழுத்து என்று சொல்ல மனம் துடித்தது. போலி இல்லை. என்னுடையதுதான்.

திருகோணமலையில் சபைக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம், அவசரத்துக்கு என்று வெற்றுக் கடிதத் தாள்களில் கையெழுத்திட்டு றிஸ்வானிடம் கொடுத்துவிட்டுப் போவது என் பழக்கம். அனுதாபக் கடிதம், மின்சார இணைப்புக்குச் சிபாரிசு, இப்படியானவற்றுக்கு. ஒரு நாளில் பத்துத் தாள் கையெழுத்திட்டிருக்கிறேன். எழுதாத விடைத்தாளுக்குப் புள்ளி போடச் சொன்னால் போட்டிருப்பேனா? ஆனால் இதைச் செய்தேன்.

அலுவலகத்துக்கு வந்து றிஸ்வானைக் கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஓம் மாமி, நான்தான் டைப் பண்ணிக் குடுத்த. என்ட தங்கச்சி. ஒங்களுக்காக எத்தின வீட்டுப் படி ஏறி இறங்கின? ஒரு கடிதம் எனக்கில்லயா?"

"எனக்கிட்ட ஏன் செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே. பெட்டிசம் வந்த அண்டைக்குக் கேப்பீங்க எண்டு நினைச்ச. நீங்க ஜெஸீமா டீச்சரப் பிடிச்சிக்கொண்டீங்க. எனக்கு அது லேசாப் போச்சி."

அவனை நான் ஏசவில்லை. அன்றே வேலையிலிருந்து நிறுத்தினேன். அந்தக் கடிதம் எனது அறிவுறுத்தலின்றி அனுப்பப்பட்டது, கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுத்து வைத்தது எனது பிழை, அதை நான் மீளப் பெறுகிறேன் என்று என் கையாலேயே வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். ஹாஜியார் ஓடி வந்தார்.

"ஒங்கட பிழைய நீங்களே எழுதிக் குடுக்கிறீங்களா டீச்சர்? எதிர்க் கட்சிக்காரன் இத போஸ்டர் அடிப்பான்."

"அடிக்கட்டும்."

அடித்தார்கள். கல்முனை பஸ் நிலையத்துச் சுவரில் அந்தக் கடிதம் பெரிதாகத் தொங்கியது. மதினி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் கணவர் ஒரு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். பஸ்னா வரிப்பத்தான்சேனைக்குப் போனாள்.

7. சாய்ந்தமருதில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் ஜெஸீமாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய கணவர் ஒரு கைத்தடியோடு வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார். நான் பார்க்க வராத மாதங்களில் அவர் நடக்கப் பழகியிருந்தார்.

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாள் ஒங்கட கையில இரிந்திச்சா, நான் வந்த அண்டைக்கு?"

"லாச்சிக்குள்ள இரிந்திச்சி."

"எடுத்துக் காட்டியிருந்தா ஒரு நிமிசத்தில செல்லியிரிப்பன், இது என்ட எழுத்தில்ல, என்ட புள்ளைகள்ள ஒருத்திர எழுத்து எண்டு. எழுதினது மெய்யா எண்டு பாரு எண்டும் செல்லியிரிப்பன்." பிறகு சொன்னாள், "சந்தேகப்பட்டதுக்கு எனக்குக் கவலையில்ல. கேக்காம விட்டதுதான்."

அவளைக் கல்முனைக்குத் திரும்ப எடுக்க முறைப்படி விண்ணப்பிக்கலாம், சேவைக்காலம் அவள் பக்கம் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றாள். அந்த வருட ஓ.எல் வகுப்பைப் பாதியில் விட ஏலாது என்றாள். பிறகும் வரவில்லை. அங்கேயே ஓய்வு பெற்றாள். நாங்கள் இப்போதும் கலியாண வீடுகளில் சந்திக்கிறோம். சுகம் விசாரிக்கிறோம். பழைய மாதிரி இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

8. பிறகு வந்த ஒன்று

சபையின் காலம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இன்னொரு மொட்டைப் பெட்டிசம் வந்தது. என்மீது நான்கு குற்றச்சாட்டு. கவரைப் பிரித்த உடனே கண் எழுத்தின் மேல்தான் போனது. இது யாருடைய 'க', யாருடைய சாய்வு என்று மனம் வேலை செய்யத் தொடங்கியது. இந்தப் பழக்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அரசியலில் இருந்த ஒருவருக்கும் அது முழுதாகப் போகாது.

புதிய இணைப்பாளரிடம் தாளைக் கொடுத்து, நான்கையும் டைப் செய்து எடுத்து வரச் சொன்னேன். எழுத்து இல்லாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். இரண்டு பொய். ஒன்று அரைகுறை. ஒன்று மெய். நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பாலர் பாடசாலைக்கு நான் சொன்ன வேலை நடக்கவேயில்லை. நடந்ததாக எனக்கு அறிக்கை தந்திருந்தார்கள். அந்த வாரமே போய் நின்று அதைச் செய்வித்தேன்.

படிப்பித்துவிட்டு அரசியலுக்கு வர நினைக்கும் இளம் ஆசிரியர்கள் சிலர் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். ஆரை நம்புவது என்றுதான் முதலில் கேட்பார்கள். பெட்டிசம் வந்தால் யார் எழுதியது என்பதைக் கடைசியாகப் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்று மட்டும் சொல்லுவேன்.

நாவிதன்வெளிப் பெட்டிசத்தின் மூலத் தாளை அன்றே கிழித்துப்போட்டேன். அதை எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.